எதனோடும் சேராத பதிவு

அன்று ஒலிப்பதிவுக் கூடத்தில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன், எழுதிக்கொள்ள உங்களுக்கு வசதியாக இருக்கும். என் அக்கா. பியானோவுக்குச் சுருதி கட்டுகிறவர். அவரை வீட்டில் சுருதிக்காரர் என்றே சொல்வோம். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவாளர். இசைத்தட்டை வெளியிடவிருந்த நிறுவனத்திலிருந்து ஒரு அம்மாள். பிறகு நான், அக்காவின் கைப்பையையும் தண்ணீர்ப் பாட்டிலையும் மடியில் வைத்துக்கொண்டு சுவரோரம். வேண்டுமானால் பியானோவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அன்று அந்த அறையில் சரியாக இருந்தது அது ஒன்றுதான்.

நீங்கள் விசாரணையை அந்த நாளிலிருந்து ஆரம்பிக்கிறீர்கள். எல்லோரும் அங்கிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள். அது நடுப்பகுதி. அதற்கு முன்னால் என் வேலையைச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் நான் செய்தது உங்களுக்குப் பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். அது பொறுமையாகச் செய்த வேலை.

பாட்டுகளைச் சேர்த்துவைத்து விநியோகிக்கும் ஒரு நிறுவனத்தில் எனக்கு இரவு ஷிப்ட். உள்ளே வரும் ஒவ்வொரு பதிவையும் ஒரு மென்பொருள் கேட்டு, இரண்டு விஷயங்களை எழுதும். நிமிடத்துக்கு எத்தனை தாள அடி, எந்தக் கீ, அதாவது பாட்டு எந்தச் சுரத்தை ஆதாரமாக வைத்து நிற்கிறது. அது தப்பாக எழுதினால் திருத்துவதற்கு நாங்கள். ஒரு பாட்டு முடிவதற்குள் அடுத்ததை அதன்மேல் ஏற்றிக் கலக்கிறவர்கள் இருக்கிறார்கள் அல்லவா, அவர்களுக்கு இந்த இரண்டும் தேவை. வேகமும் கீயும் ஒத்துப்போகாவிட்டால் இரண்டு பாட்டும் குழாயடியில் நிற்கிற மாதிரி சண்டை போடும். அதனால் கீகளையெல்லாம் கடிகாரம் மாதிரி ஒரு வட்டத்தில் எழுதிவைத்திருக்கிறார்கள். வெளிவட்டத்தில் உற்சாகமாக ஒலிக்கும் மேஜர் கீகள், உள்வட்டத்தில் சோகமாக ஒலிக்கும் மைனர் கீகள். பக்கத்துப் பக்கத்து மணிகள் ஒட்டும். எதிரெதிர் மணிகள் ஒட்டாது. இவ்வளவுதான் தொழில்.

நடனப் பாட்டென்றால் ஒரு பிரச்சினையும் இல்லை, டிரம் இருக்கிறது. பியானோ தனியாக வாசிக்கும் செவ்வியல் பதிவுகள் வந்தால்தான் தலைவலி. வாசிக்கிறவர் ஓரிடத்தில் மூச்சு வாங்குவார், வேகம் தளரும். அடுத்த வரியில் அந்தக் கடனை அடைப்பது மாதிரி விரைவார். மென்பொருள் திண்டாடிப்போய் வாயில் வந்த எண்ணைச் சொல்லும். நான் முழுதும் கேட்டு, இந்த இடத்தில் இவ்வளவு, அந்த இடத்தில் இவ்வளவு என்று குறித்துக் கொடுத்தால் ஷிப்ட் லீடர் அதைத் திருப்பி அனுப்புவார். "ஒரு நம்பர் போடுப்பா. ஒண்ணே ஒண்ணு. நீ என்ன ஜாதகமா எழுதுறே?"

இன்னொரு வகைப் பதிவு உண்டு. பழைய டேப்பில் எடுத்தது. டேப் ஓடிய வேகத்தில் சிறு வித்தியாசம், அதனால் பதிவு இரண்டு கீக்கும் நடுவில் விழுந்திருக்கும். வட்டத்தில் அதற்கு மணியே கிடையாது. அதற்கு நாங்கள் போடும் குறி ‘சேராது’. குறி விழுந்துவிட்டால் அந்தப் பதிவை ஒருவரும் தொடமாட்டார்கள். தன்னளவில் அதில் ஒரு தப்பும் இருக்காது, சுரத்துக்குச் சுரம் சரியாக இருக்கும். உலகத்தில் மற்ற எல்லாவற்றோடும்தான் அதற்குத் தகராறு. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி அக்கா.

எதைக் கேட்டாலும் அது என்ன சுரம் என்று சொல்லிவிடுகிற காது அவளுக்கு. பக்கத்தில் ஒப்பிட ஒரு சுரமும் வேண்டாம். குளிர்சாதனப் பெட்டி பி-ஃபிளாட்டில் உறுமுகிறது என்பாள். எங்கள் கட்டடத்தின் லிஃப்ட் மணி ஈ சுரம். கீழ்வீட்டுக்காரர் மனைவியைக் கூப்பிடுவது ஜி-யில் ஆரம்பித்து எங்கேயோ போய் முடியும். சின்ன வயதில் நான் எதையாவது முணுமுணுத்தால் போதும், சமையலறையிலிருந்து குரல் வரும். "இறங்குதுடா." நான் பாட்டை நிறுத்திவிடுவேன். நான் தாளம் தட்டி எண்ணிக்கொண்டே இருப்பேன் என்பதால் எனக்கு அவள் வைத்த பெயர் மீட்டர். "மீட்டர் ஓடுது பாரு, காசு யாரு குடுக்கிறது?" என்று விருந்தாளிகளிடம் சொல்லிச் சிரிப்பாள். எனக்கு இப்போது முப்பத்தெட்டு வயது. இன்னும் மீட்டர்தான்.

அவள் படித்த இசைக்கல்லூரியில் நானும் இரண்டு வருடம் இருந்தேன். ஆசிரியர் ஒருவர் வகுப்பில் வைத்துச் சொன்னார், "காது வந்திருக்கு, கையை வீட்டுல மறந்து வச்சிட்டு வந்திருக்கே." அக்கா அப்போது அங்கேயே கற்பித்துக்கொண்டிருந்தாள். அன்று வீட்டில் அவள் சொன்னது ஒரே வாக்கியம். "விட்டுடு, எல்லாருக்கும் இது வராது." அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் நான் விட்டிருக்க மாட்டேன். தட்டைக் கழுவிக்கொண்டே சொன்னாள். விட்டுவிட்டேன்.

அவளிடம் ஒரு வழக்கம் உண்டு. சுருதி சரிபார்க்கும் கருவி எதையும் அவள் வாழ்நாளில் வைத்துக்கொண்டது கிடையாது. தட்டினால் எப்போதும் ஒரே சுரம் தரும் இசைக்கவை இல்லை, போனில் அதற்கான செயலிகூட இல்லை. மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு பார்ப்பது மாதிரி அது, அவளுக்கு அவமானம். ஒரு வீட்டில் கடிகாரமே இல்லை, வீட்டுக்காரிதான் மணி சொல்கிறாள் என்றால், அவளை ஏமாற்ற நினைப்பவனுக்கு எவ்வளவு சௌகரியம் என்று யோசித்துப் பாருங்கள். நான் அப்போது அப்படி யோசிக்கவில்லை. சும்மா சொல்கிறேன்.

அப்பா அம்மா விட்டுப்போன அடுக்குமாடி வீட்டில் நாங்கள் இருவர் மட்டும். அவள் பகல் முழுதும் வாசிப்பாள், நான் பகல் முழுதும் தூங்குவேன். கீழ்வீட்டுக்காரர் கம்பால் கூரையை இடித்து இடித்துப் பெரிய பியானோவை விற்கவைத்தார். அதற்குப் பதிலாக மின்பியானோ ஒன்று வாங்கினோம். ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு வாசிக்கலாம். அக்காவுக்கு அது பிடிக்கவில்லை, ‘பெட்டி’ என்றுதான் சொல்வாள். அதன் பொத்தான்களைத் தொடக்கூட மாட்டாள். இணைப்பு கொடுத்து எல்லாவற்றையும் அமைத்தது நான். வீட்டில் சத்தம் வருகிற எந்தப் பொருளானாலும் அமைப்பது நான்தான்.

ஒரு வாரம் என் மேசைக்கு அவளுடைய பதிவு வந்தது. இளம் வயதில் வாசித்தது, மெதுவான ஒரு மைனர் உருப்படி. மென்பொருள் அதற்கு எஃப் மேஜர், நூற்று நாற்பத்து நான்கு என்று எழுதியிருந்தது. இரண்டும் தப்பு. டி மைனர். வேகம் அதில் பாதி, எழுபத்திரண்டை ஒட்டி வரும், அதுவும் நின்று நின்று. நான் மற்ற வேலைகளை ஒதுக்கிவைத்துவிட்டு அந்த ஒரு பதிவை மட்டும் கேட்டேன். அவள் எங்கே தயங்குகிறாள், எங்கே தன் தயக்கத்தைக் கண்டு எரிச்சலாகிறாள் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். அவள் விரலுக்கு முன்பே என் காது போய் நின்றது. திருத்தி அனுப்பினேன். ஷிப்ட் லீடர் திருத்தத்தை நீக்கிவிட்டார்.

"சார், அது மைனர்."

"ரெண்டுக்கும் அதே சுரங்கள்தானே. வட்டத்துல ஒரே மணி. கலக்கிறவனுக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

"கேக்கிறவனுக்கு ஒண்ணு இல்ல சார்."

"கேக்கிறவன் நமக்குச் சம்பளம் தர்றதில்லப்பா."

காலையில் வீட்டுக்கு வந்து அக்காவிடம் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. அவள் பாராட்டுவாள் என்று நினைத்திருக்கலாம். உன் பதிவுக்காகச் சண்டை போட்டேன், எழுபத்திரண்டு என்று எழுதினேன் என்றேன். அவள் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள்.

"எழுபத்திரண்டா? நான் என்ன தையல் மெஷினா?"

"ஒரு எண் போடணும்க்கா. அதுதான் வேலை."

"அதுக்கப்புறம் என்னை எதோட கலக்குவாங்க? சிமெண்டோடயா?"

அவளே சிரித்தாள். பிறகு, அதே மூச்சில், செய்தியைச் சொன்னாள். அந்த உருப்படியையும் இன்னும் சிலவற்றையும் புதிதாகப் பதிவு செய்யக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஏழெட்டு மாதம் தயாராக நேரம் கொடுத்திருக்கிறார்கள். பதிவு நன்றாக வந்தால் வேறொரு ஊரில் வேலை, வருடம் முழுக்க மேடை. வீட்டை விட்டுவிடலாம் என்று நினைக்கிறாள்.

"நீயும் ஒரு ரூம் பாத்துக்கோ மீட்டர். உனக்கென்ன, பகல்ல படுக்க ஒரு கட்டில் போதும்."

அவள் சொன்னதில் தப்பில்லை. எனக்கு ஒரு கட்டில் போதும் என்பது உண்மைதான்.

அன்று அவள் கடைக்குப் போயிருந்தபோது பெட்டியின் மெனுவைத் திறந்தேன். மொத்தச் சுருதியையும் ஏற்றி இறக்க அதில் ஓர் எண் இருக்கிறது. ஒரே ஒரு படி ஏற்றினேன். யாருக்கும் தெரியாத அளவு, தூசி மாதிரி. நிச்சயமில்லாமல் இருப்பது எப்படி இருக்கும் என்று அவளுக்கு ஒரு நாள், ஒரே நாள் தெரியட்டும் என்று நினைத்தேன். அவள் வந்து ஹெட்ஃபோனை மாட்டி வாசித்தாள். நான் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தேன். ஹெட்ஃபோன் மாட்டினால் வெளியே இசை கேட்காது, கட்டைகள் அழுந்தும் சத்தம் மட்டும்தான் கேட்கும். சிறு விலங்கு ஒன்று வீட்டுக்குள் ஓடுவது மாதிரி இருக்கும். அது நிற்கவே இல்லை. அவளுக்குத் தெரியவில்லை.

எனக்கு ஏற்பட்டதை மகிழ்ச்சி என்று எழுதிவிடாதீர்கள். ஏமாற்றம். இவ்வளவுதானா இந்தக் காது?

அதன்பிறகு சில நாளுக்கு ஒரு படி. அவள் காது பழகும்வரை காத்திருந்து அடுத்தது. அவளுடைய பழைய பதிவை வீட்டில் அவள் அடிக்கடி போட்டுக் கேட்பாள். அதையும் அதே அளவுக்கு ஏற்றினேன். அதற்குச் சுருதியை மட்டும் ஏற்றாமல், டேப்பை வேகமாக ஓட்டுவது மாதிரி வேகத்தையும் சேர்த்து ஏற்றினேன். அவள் பெட்டியில் வாசிப்பதும் அவள் பழைய பதிவும் கச்சிதமாக ஒத்துப்போகும். என் அலுவலகத்தில் ஒருவருக்கும் இந்த வேலை வராது. எந்தப் படியில் காது விழித்துக்கொள்ளும், எந்தப் படியில் தூங்கும் என்று நான் அளந்து வைத்திருந்தேன்.

"அப்போ நான் இவ்ளோ வேகமாவா வாசிச்சேன்?" என்றாள் ஒரு நாள். "மூச்சு விடக்கூட எடம் விடல பாரு."

"சின்ன வயசு இல்லையா அக்கா."

"இப்ப கைல அந்த ஓட்டம் இல்லடா."

அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க அவள் கையைப் போட்டு வருத்தினாள். மணிக்கட்டில் துணி சுற்றிக்கொண்டு வாசித்தாள். ஒரு மதியம் வெளியே போய்விட்டு வந்தவள் வாசலிலேயே நின்றாள்.

"லிஃப்ட் மணி இறங்கிடுச்சு. கவனிச்சியா?"

"எல்லாம் பழசாகுதுக்கா."

"குளிர்சாதனப் பெட்டியும் இறங்கிடுச்சு."

அவள் சமையலறையில் அதன் கதவில் காதை வைத்து வெகுநேரம் நின்றிருந்தாள். அதற்குப் பிறகுதான் கேட்க ஆரம்பித்தாள். "மீட்டர், இது என்ன சுரம், சொல்லு." வெளியே ஒரு வண்டியின் ஹாரன். கீழ்வீட்டு அழைப்புமணி. நான் சொல்வேன். அவள் தலையாட்டிக்கொள்வாள். முப்பத்தெட்டு வருடத்தில் முதல்முறையாக அவள் என்னிடம் ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொண்டாள். அந்த வாரங்கள் வீட்டில் நன்றாகவே போயின. அதற்காகத்தான் நிறுத்தவில்லை என்று சொன்னால் உங்களுக்குப் புரியுமா தெரியவில்லை.

பதிவு நாளுக்குள் அவளை இரண்டு கீக்கும் சரியாக நடுவில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தேன்.

கூடத்தில் அவள் உட்கார்ந்து ஒரு கூட்டுச்சுரம் வாசித்தாள். சுட்டுவிட்டது போலக் கையை எடுத்தாள்.

"இது இறங்கியிருக்கு."

"காலைலதாம்மா கட்டினேன்," என்றார் சுருதிக்காரர்.

"இல்ல. நடுவுல நிக்குது. அங்கயும் இல்லாம இங்கயும் இல்லாம."

அவர் மெதுவான மனிதர். அக்கா மாணவியாக இருந்த நாளிலிருந்தே அவளை அவருக்குத் தெரியும். பையிலிருந்து இசைக்கவையை எடுத்து முழங்காலில் தட்டி, அதன் காம்பைப் பியானோ மரத்தில் ஊன்றினார். மறுகையால் ஏ சுரத்தை அழுத்தினார். இரண்டும் ஒரே சத்தமாக ஒட்டிக்கொண்டன.

"பாருங்கம்மா. நடுவுல ஒரு முடி போகாது."

"அப்ப கவையும் இறங்கியிருக்கு."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவாளர் மைக்கை அணைக்க மறந்திருந்தார். "இரும்பு எறங்குமா மேடம்?" என்று அவர் சிரித்தது அறை முழுக்கக் கேட்டது. நிறுவனத்து அம்மாள் தன் போனைப் பார்த்தார். அக்கா திரும்பி என்னைப் பார்த்தாள்.

"மீட்டர், நீ சொல்லு."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் கைப்பையை மடியிலிருந்து இறக்கி வைத்துவிட்டுச் சொன்னேன்.

"பியானோ சரியாத்தான் இருக்குக்கா."

அன்று நான் சொன்னதில் ஒரு பொய்கூட இல்லை. இதை நீங்கள் குறித்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது.

அவள் வாசித்துப் பார்த்தாள். கை ஒன்றை அழுத்துகிறது, காதில் வேறொன்று விழுகிறது. கை உடனே அதைத் திருத்தப் பார்க்கிறது, பக்கத்துக் கட்டைக்கு ஓடுகிறது. திரும்ப ஆரம்பித்தாள். திரும்ப நிறுத்தினாள். கடைசியில் முதல் வரியையே ஒரு குழந்தை தேடித் தேடி வாசிப்பது மாதிரி வாசித்தாள். நிறுவனத்து அம்மாள் எழுந்துகொண்டார். "உடம்பு சரியில்ல போல. இன்னொரு நாள் வச்சுக்கலாம்." இன்னொரு நாள் எது என்று அவர் சொல்லவில்லை. கிளம்பும்போது சுருதிக்காரர் இசைக்கவையை அக்காவின் கையில் வைத்தார். "இத வச்சுக்கோங்கம்மா. சந்தேகம் வந்தா ஒரு துணை." அக்கா அதை வாங்கிக்கொண்ட விதம், யாரோ அவள் கையில் ஊன்றுகோலைக் கொடுத்த மாதிரி இருந்தது. வீட்டுக்கு வந்து ஒரு இழுப்பறையில் போட்டாள். அதைப் பற்றி நான் கவலைப்படவில்லை. அவளை எனக்குத் தெரியும், எடுக்க மாட்டாள்.

காது மருத்துவர் சோதித்தார். காதில் குறையில்லை, இந்த மாதிரிக் காதுள்ளவர்களுக்கு வயதானால் சுருதி கொஞ்சம் நகர்ந்து கேட்பது உண்டு, ஓய்வு கொடுத்துப் பாருங்கள் என்றார். நான் கூட இருந்தேன். அவர் சொன்னதெல்லாம் எனக்கு நியாயமாகவே பட்டது.

அமைதியான ஓர் அறை வேண்டும் என்று கேட்டது அக்காதான். எந்தச் சத்தமும் தப்பாகக் கேட்கிறது, சத்தமே இல்லாத இடத்தில் கொஞ்ச நேரம் இருக்க வேண்டும் என்றாள். எங்கள் வீட்டில் ஜன்னலில்லாத ஒரு சாமான் அறை இருக்கிறது. அலுவலகத்தில் பழைய கேட்பறை ஒன்றைப் பிரித்துக் குவித்திருந்தார்கள். அந்தப் பஞ்சுப் பலகைகளையெல்லாம் கேட்டு வாங்கிவந்து சுவர், கூரை, கதவின் உள்பக்கம் எல்லாவற்றிலும் அடித்தேன். கதவை இரட்டையாக்கினேன். காற்றுக்கு வளைந்து வளைந்து போகிற ஒரு குழாய் வைத்தேன். காற்று வளைந்து வரும், சத்தம் வளைவிலேயே செத்துவிடும். என் கையால் நான் செய்த வேலைகளில் அதுதான் சிறந்தது. அக்கா உள்ளே உட்கார்ந்துவிட்டு வந்து, "செத்துப்போன மாதிரி நிம்மதியா இருக்குடா," என்றாள். அதுதான் அவள் எனக்குக் கொடுத்த ஒரே சான்றிதழ்.

வெளியே பூட்டுவதற்கான வளையமும் பூட்டும் அந்தக் கதவில் முன்பே இருந்தவை. சாமான் அறை அல்லவா. முதல் நாள் அவளே சொன்னாள், "நடுவுல யாராவது தொறந்தா தூக்கிவாரிப்போடுது. வெளியே பூட்டிட்டு, சாப்பாட்டு நேரத்துக்குத் தொற." அப்படித்தான் செய்தேன், சில முறை. ஆகவே பூட்டுவது என்பது எங்களுக்குள் புதிய விஷயம் இல்லை. இதை யாரிடம் சொன்னாலும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள்.

அவள் கைகளைப் பற்றி மூன்றாம் முறை கேட்கிறீர்கள். சொல்கிறேன். கடைசி முறை பூட்டிய பிறகு நான் மூன்று ஷிப்ட் போய்வந்தேன். உள்ளே தண்ணீர்ப் பாட்டில் இருந்தது, ஒரு பொட்டலம் பிஸ்கட் இருந்தது, காற்று வந்தது. அந்த மூன்று ஷிப்டிலும் என் திருத்தங்களில் ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. லீடரைக் கேட்டுப் பாருங்கள். வருகிறேன் என்று போனில் சொன்னவள் வரவில்லையே என்று சுருதிக்காரர் தேடிவந்து, நான் தூங்கிக்கொண்டிருந்தபோது கீழ்வீட்டுக்காரரைக் கூட்டிவந்து பூட்டை உடைத்திருக்கிறார். கூரையை இடிக்கும் அதே கம்பு. கதவின் உள்பக்கம் பஞ்சை அவள் பிய்த்திருந்தாள். பஞ்சுக்குப் பின்னால் பலகை, பலகையில் ஆணிகள். வலதுகையில் மூன்று விரல் முறிந்திருப்பதாகவும் ஒரு நரம்பு சேராது என்றும் சொன்னீர்கள். சேராது என்பது உங்கள் மருத்துவரின் சொல்லா, அல்லது எனக்காக நீங்கள் தேர்ந்தெடுத்ததா? கதவைத் தட்டச் சொல்லி நான் அவளிடம் சொல்லவில்லை. பேசாமல் உட்கார்ந்திருக்கத்தான் அந்த அறை.

அந்தக் கடைசிக் காலையைச் சொல்லிவிட்டால் முடிந்தது.

ஷிப்ட் முடிந்து வந்தேன். அக்கா பெட்டியின் முன்னால் உட்கார்ந்திருந்தாள், ஹெட்ஃபோன் இல்லாமல். கையில் இசைக்கவை. கத்தரிக்கோல் தேடப் போய் அகப்பட்டதாம். விளையாட்டாகத் தட்டிப் பார்த்தாளாம். இப்போது எனக்காக மறுபடி தட்டி, அதன் காம்பைப் பெட்டியின் மேல் ஊன்றி, ஏ சுரத்தை அழுத்தினாள். இரண்டு சத்தமும் உரசி நடுங்கின.

"கேட்டியா? ஆடுது பாரு. இந்தப் பெட்டி ஏறியிருக்குடா. என் காது இல்ல, இந்தப் பெட்டி."

அவள் முகத்தை அப்படி நான் பார்த்து வருடக்கணக்காகிறது. பத்து வயது குறைந்திருந்தாள். சுருதிக்காரருக்குப் போன் பண்ணிவிட்டாளாம், பெட்டியில் ஏதோ கோளாறு, இன்றைக்கே போய் அவருடைய பட்டறையில் நல்ல பியானோவில் உட்காரப்போகிறாளாம். ஒரு மாதத்தில் காதைத் திருப்பிக்கொண்டுவந்துவிடலாம் என்று அவர் சொன்னாராம். நிறுவனத்து அம்மாளிடமும் அவரே பேசுகிறாராம்.

நான் காத்திருந்தேன். அவள் இப்போது கேட்பாள் என்று நினைத்தேன். யார் ஏற்றியது என்று. பொத்தானைத் தொடுகிற ஆள் வீட்டில் ஒருவன்தானே. அவள் கேட்டிருந்தால் ஒப்புக்கொண்டிருப்பேன், சத்தியமாக. எத்தனை படி, எந்தெந்த நாள், அவள் காதுக்கு எவ்வளவு அவகாசம் கொடுத்தேன் என்று எல்லாவற்றையும் சொல்லியிருப்பேன். ஒருவராவது அந்த வேலையைத் தெரிந்துகொண்டிருப்பார்கள்.

அவள் என்னைப் பார்த்தாள். பார்த்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள்.

"ஏண்டா, நீ தெனமும் இந்த வீட்லதானே இருந்தே? பழைய ரெக்கார்டக் கேட்டே, இதக் கேட்டே. உனக்கு ஒரு தடவகூடத் தெரியலையா?"

நான் ஹெட்ஃபோன் வயரைச் சுருட்டி வைத்தேன்.

"மீட்டர்னு சரியாத்தான் பேரு வச்சிருக்கேன். ஓடத்தான் தெரியும், கேக்கத் தெரியாது." அவள் என் தோளில் தட்டினாள். பிரியமாகத்தான். "பாவம், உன்னப் போய் கீ பாக்கற வேலைக்கு வச்சிருக்காங்களே."

இதில் கோபப்பட ஒன்றுமில்லை, நானும் கோபப்படவில்லை. சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டேன்.

"போறதுக்கு முன்னாடி ஒரு தடவ நல்லாப் பாத்துடலாம்க்கா. இங்க குளிர்சாதனப் பெட்டி உறுமுது. அந்த ரூமுக்குள்ள கவையைத் தட்டி, அது சத்தம் மட்டும் மனசுல வாங்கிக்கோ. அப்புறம் பட்டறைக்குப் போனா சுலபமா இருக்கும்."

"நல்ல யோசனை," என்றாள். என் யோசனை ஒன்றை அவள் நல்லது என்று சொன்னது அதுதான் முதல்முறை. கவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தாள். உள்ளே போய் முழங்காலில் தட்டி, காதருகே வைத்துக்கொண்டு கண்ணை மூடினாள்.

உள்கதவைச் சாத்தினேன். வெளிக்கதவைச் சாத்தினேன். பூட்டிவிட்டு, வேண்டாமென்றால் அவள் ஒரு வார்த்தை சொல்லட்டும் என்று அங்கேயே நெடுநேரம் காது கொடுத்து நின்றேன். உள்ளிருந்து ஒரு சத்தமும் வரவில்லை.